திண்டுக்கல் சமவெளியில் கம்பும் காலடியும்

சிலம்பம் தமிழர்களின் கம்புக் கலை. ஆடுபவரின் நெற்றி உயரத்துக்கு வரும் மூங்கில் அல்லது பிரம்புக் கம்பு ஒன்றைச் சுழற்றியும் வீசியும் தடுத்தும் ஆடுவது. மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் இதைக் கம்பு சுத்துவது என்பார்கள். முறையாகக் கற்பதைச் சிலம்பம் பழகுவது என்பார்கள். இந்தக் கலைக்கு இரண்டு முகங்கள். எதிராளி ஒருவர் முன்னால் நிற்க அடித்தும் தடுத்தும் ஆடுவது போர்ச் சிலம்பம். மேளத்துக்கு ஏற்பக் காலடி வைத்துத் தனியாகச் சுழற்றிக் காட்டுவது அலங்காரச் சிலம்பம். கிழக்கே நத்தம், தெற்கே நிலக்கோட்டையும் வத்தலக்குண்டும், வடக்கே வேடசந்தூர், மேற்கே ஒட்டன்சத்திரம் என விரியும் திண்டுக்கல் சமவெளியில் முதல் முகம் சுருங்கி இரண்டாவது முகம் வளர்ந்த வரலாறு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குள் நடந்தது. அந்த வரலாற்றைச் சொல்லாமல் இன்று பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் கம்பு சுழற்றுவதைப் புரிந்துகொள்ள முடியாது.

கம்பை ஆயுதமாகக் கொண்ட கலை உலகில் பல இடங்களில் உண்டு. மிகப் பழைய சான்றுகள் எகிப்தில் கிடைக்கின்றன. அபூசிரில் ஐந்தாம் அரசமரபைச் சேர்ந்த சாகுரே மன்னனின் பிரமிடு வளாகத்தில், ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய புடைப்புச் சிற்பங்களில், வீரர்கள் கம்புப் பயிற்சி செய்யும் காட்சி இருக்கிறது. அந்தக் கலை இன்றும் தெற்கு எகிப்தின் சயீத் பகுதியில் தஹ்தீப் என்ற பெயரில் வாழ்கிறது. மிஸ்மார் என்னும் நாயனமும் தபல் என்னும் பெரிய மேளமும் முழங்க, வட்டமாக நிற்கும் கூட்டத்தின் நடுவே இருவர் கம்போடு இறங்குவார்கள். எதிராளியைக் காயப்படுத்துவது அங்கே மரியாதைக் குறைவு. காவல் இல்லாத இடத்தைக் கம்பு முனையால் காட்டிவிட்டால் வெற்றி. யுனெஸ்கோ 2016இல் இதை மனிதகுலத்தின் மரபுக் கலைகள் பட்டியலில் சேர்த்தது. நைல் கரையில் இந்தக் கம்புக்கு நேர்ந்ததும் திண்டுக்கல்லில் நேர்ந்ததும் பல இடங்களில் ஒத்துப்போகின்றன.

திண்டுக்கல் சமவெளியில் கம்பு எல்லார் கையிலும் இருந்த பொருள். ஆடு மாடு மேய்த்தவர், இரவில் தோட்டம் காத்தவர், சந்தைக்கு வண்டி கட்டிக்கொண்டு போனவர், மலையடிவாரத்தில் பன்றி விரட்டியவர் என ஒருவரும் கம்பில்லாமல் வெளியே இறங்கியதில்லை. ஆனால் கையில் கம்பு இருப்பது வேறு, அதை வரிசையாகப் பழகியிருப்பது வேறு. ஊர்தோறும் அதைப் பழக வேண்டிய தேவையை இங்கே உண்டாக்கியது இந்த நிலத்தின் அரசியல்.

சமவெளியின் நடுவே நிற்கும் ஒற்றைப் பாறைக் குன்றின் மேல் மதுரை நாயக்கர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை கட்டினார்கள். முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கியதைத் திருமலை நாயக்கர் வலுப்படுத்தினார். வடக்கே கொங்கு நாட்டிலிருந்தும் மைசூரிலிருந்தும் மதுரைக்கு வரும் படை இந்தக் குன்றைத் தாண்டித்தான் வர வேண்டும். ஆகவே சுற்றிலும் விருப்பாச்சி, கன்னிவாடி, இடையகோட்டை, அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டை என்று பாளையங்கள் அமைந்தன. விசுவநாத நாயக்கர் காலத்தில் அரியநாத முதலியார் வகுத்ததாகச் சொல்லப்படும் அந்த ஏற்பாட்டில், பாளையக்காரர் தம் நிலத்தில் வரி தண்டலாம். பதிலுக்கு, அழைத்தபோது படையோடு வர வேண்டும்.

அந்தப் படையில் நிரந்தரச் சம்பளக்காரர்கள் குறைவு. பெரும்பாலோர் உழுது பயிரிட்டு, ஓலை வந்ததும் ஆயுதம் எடுத்தவர்கள். உழவரையே வீரராக வைத்திருந்தால் ஊருக்குள்ளேயே பயிற்சி நடந்தாக வேண்டும். அதற்குக் கம்பு பொருத்தமான கருவி. இரும்பு தேவையில்லை, செலவில்லை, உடைந்தால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. பாளையப் படைகளின் முதன்மை ஆயுதம் நீண்ட ஈட்டி. ஈட்டியின் அலகைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது கம்பு. இரண்டு கையாலும் பிடிப்பது, முனையால் குத்துவது, நடுவால் தடுப்பது, அடிப்பக்கத்தால் திருப்பி அடிப்பது ஆகிய நான்கும் இரண்டுக்கும் பொது. கம்பில் கை பழகியவருக்கு ஈட்டி புதிதல்ல. வாளும் சுருள்வாளும் மான்கொம்பும் சிலம்பப் பாடத்தில் கம்புக்குப் பின்னரே வருவதும் இதனால்தான்.

18ஆம் நூற்றாண்டு முழுவதும் இந்தச் சமவெளி போர்க்களமாக இருந்தது. மதுரை நாயக்கர் ஆட்சியின் கடைசி நாட்களில் ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிபின் படை அம்மையநாயக்கனூரில் மோதியது. 1755இல் ஹைதர் அலி மைசூரின் படைத்தலைவராகத் திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்தார்; அவர் பின்னாளில் பெற்ற பெருவலிமை இந்தக் கோட்டையில் திரட்டிய படையிலிருந்தே தொடங்கியது. நகரின் பேகம்பூர் அவர் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார் இந்தப் பக்கம் வந்து, விருப்பாச்சி பாளையக்காரர் கோபால் நாயக்கரின் பாதுகாப்பில் 8 ஆண்டுகள் இருந்தார். ஹைதரின் உதவியைப் பெற்று 1780இல் சிவகங்கையை மீட்டார். நாச்சியார் சிலம்பமும் வளரி என்னும் வளைந்த எறிகோலும் பழகியவர் என்ற வழிவழிச் செய்தி, இன்று கம்பெடுக்கும் சிறுமிகளிடம் வாத்தியார்கள் முதலில் சொல்லும் கதை.

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. வரி கேட்டுப் பாளையங்களைக் கம்பெனி நெருக்க, 1800இல் விருப்பாச்சியில் பாளையக்காரர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் கூடிக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார்கள். சிவகங்கை மருது சகோதரர்களும் கொங்கு நாட்டுத் தலைவர்களும் இணைந்த அந்தக் கூட்டணியில் கோபால் நாயக்கர் முதன்மையானவர். 1801இல் கிளர்ச்சி ஒடுங்கியது. கோபால் நாயக்கர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளையக்காரர்களும் மக்களும் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. கோட்டைகளை இடிக்கச் சொன்னது. தென்பாண்டி நாட்டில் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக ஊர்களில் இருந்த ஈட்டியும் வாளும் துப்பாக்கியும் இந்த ஒரு வீச்சில் சட்டத்துக்குப் புறம்பாயின.

இந்தக் கலைகளை நேரில் பார்த்துப் பழகிய கம்பெனி அதிகாரி ஒருவர் தம் அனுபவத்தை எழுதி வைத்திருக்கிறார். கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தம் இராணுவ நினைவுக் குறிப்பில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுத்தந்தவர் சின்ன மருதுதான் என்று நன்றியோடு குறிப்பிடுகிறார். தமக்குக் கற்றுத்தந்தவரையே எதிர்த்துப் போரிட நேர்ந்த வருத்தம் அந்தப் பக்கங்களில் தெரிகிறது. வளரி அந்தப் போருக்குப் பின் ஏறக்குறைய மறைந்தே போனது. கம்பு மட்டும் தப்பியது.

அது தப்பியதற்குக் காரணம் எளிது. கம்பை ஆயுதம் என்று எந்தச் சட்டமும் முழுமையாகச் சொல்ல முடியாது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி, வாள், குத்துவாள், ஈட்டி, வில், அம்பு என்று வரிசையாகப் பெயர் சொல்லி ஆயுதத்துக்கு இலக்கணம் வகுத்தது. மாடு மேய்ப்பவரின் கைத்தடியை அந்தப் பட்டியலில் சேர்த்தால் நாட்டையே கைது செய்ய வேண்டியிருக்கும். ஆகவே ஈட்டியைப் பறிகொடுத்த கைகள் கம்போடு நின்றன. ஆட்சியாளர்களே தம் போலீசாருக்கு மூங்கில் தடியைக் கொடுத்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஊர்க்காவல் முறையும் கம்புக்கு இடம் தந்தது. பயிரையும் மாட்டையும் காப்பதற்காக ஊரார் ஆண்டுதோறும் தானியமோ பணமோ கொடுத்துக் காவல்காரர்களை வைத்திருந்தார்கள். 1816இல் சென்னை அரசு போலீஸ் ஒழுங்குவிதி கொண்டுவந்து இந்த முறையைக் காகிதத்தில் ஒழித்தாலும், மதுரை, திண்டுக்கல் சீமையில் அது 20ஆம் நூற்றாண்டு வரை நடந்தது. காவல்காரருக்குக் கம்பே தொழில் கருவி. அவர்கள் பிள்ளைகளுக்குச் சிலம்பம் குலவித்தை போல இறங்கியது. இந்தத் தொடர்ச்சியை முறித்தது குற்றப் பரம்பரைச் சட்டம். 1911ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்து, அடுத்த சில ஆண்டுகளில் மதுரை மாவட்டத்தில் பிரமலைக் கள்ளர் மீது பாய்ந்தது. ஆண்கள் கைரேகை வைத்து, இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டிய நிலை. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்தவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. சென்னை மாகாணம் 1947இல்தான் அந்தச் சட்டத்தை நீக்கியது. உழைப்பு முடிந்த இரவு நேரமே சிலம்பம் பழகும் நேரம் என்னும்போது, இளைஞர்கள் இரவில் கூடினாலே சந்தேகத்துக்கு ஆளான ஆண்டுகள் இந்தக் கலைக்கு எவ்வளவு கேடு செய்திருக்கும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

போர் இல்லை, படை இல்லை, காவலும் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் கம்புக்கு அடைக்கலம் தந்தது கோவில் திருவிழா. மாசித் திருவிழாவுக்குப் பேர்போன திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோவில் குன்றின் அடிவாரத்தில், கோட்டைப் படைவீரர்கள் வழிபட்ட தெய்வமாகத் தொடங்கியது என்பது ஊர் வழக்கு. நத்தம் மாரியம்மன் கோவிலிலும் மாசியில்தான் பெருவிழா. கிராமங்களில் முளைப்பாரி எடுப்பு, கருப்பசாமி பொங்கல், பொங்கலை ஒட்டிய மாட்டு விழாக்கள் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று இருக்கும். ஊர்வலத்துக்கு முன்னால் கம்பு சுழற்றுபவர்கள் போவார்கள். கூட்டத்தை விலக்கிச் சாமிக்கு வழி உண்டாக்குவதே அவர்களின் முதல் வேலை. சுழலும் கம்புக்கு யாரும் சொல்லாமலே எல்லாரும் விலகுவார்கள். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இசுலாமியரின் சந்தனக்கூடு, மொகரம் ஊர்வலங்களிலும் இதே காட்சியைக் காணலாம். எந்தச் சாதிக்கும் எந்தச் சமயத்துக்கும் தனியாகச் சிலம்பத்தை எழுதி வைக்க முடியாது. பல சமூகங்கள் தமக்கே உரியது என்று உரிமை கொண்டாடுவதே அது எல்லாரிடமும் இருந்ததற்குச் சான்று.

ஊர்வலத்தில் ஆடும்போது கம்பின் இயல்பு மாறுகிறது. எதிராளியின் இடத்தில் பார்வையாளர் வந்து நிற்கிறார். அடியின் வேகத்தைவிடச் சுழற்சியின் அழகு முக்கியமாகிறது. நையாண்டி மேளத்தின் தவிலும் பம்பையும் தமுக்கும் நாயனமும் தாளத்தைக் கொடுக்க, காலடி அந்தத் தாளத்தில் விழ வேண்டியதாகிறது. கம்பு முதுகுக்குப் பின் போகிறது, காலுக்கு இடையில் புகுந்து வருகிறது, கழுத்தைச் சுற்றுகிறது. சண்டையில் இவற்றுக்கு வேலையே இல்லை. முதுகுக்குப் பின் கம்பைக் கொண்டுபோனவர் அந்தக் கணத்தில் அடி வாங்குவார். இரவில் கம்பின் இரு முனையிலும் துணி சுற்றி எண்ணெயில் நனைத்துக் கொளுத்தும் தீப்பந்தச் சிலம்பமும் பார்வையாளருக்காக ஆடுவதே. இவ்வளவு மாறினாலும் அலங்காரம் போரைக் கைவிடவில்லை. நன்றாகப் பழகியவரின் அலங்கார வீச்சை ஒவ்வோர் அசைவாகப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் வெட்டும் குத்தும் தடுப்பும் வரிசையாக இருக்கும். பாடம் சொல்லத் தடையிருந்த காலத்தில் அந்தப் பாடத்தை ஊரறிய ஆடிக்காட்டிக் காப்பாற்றியது இந்த அலங்காரம்தான்.

சிலம்பம் கற்பிப்பவரை ஆசான் என்றும் வாத்தியார் என்றும் அழைப்பார்கள். திண்டுக்கல் பக்கம் வாத்தியார் என்ற சொல்லே பெருவழக்கு. பயிலும் இடம் சிலம்பக்கூடம். கூடம் என்றாலும் பெரும்பாலும் கட்டடம் கிடையாது. கோவில் பொட்டல், களம், தோப்பு, கண்மாய்க் கரை என்று கால் வழுக்காத மண் கிடைக்கும் எந்த இடமும் கூடமே. அறுப்பு முடிந்து வேலை குறைந்த மாதங்களில், பொழுது சாய்ந்தபின் வகுப்பு தொடங்கும். வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்துக் காணிக்கை கொடுத்துச் சேர்வது பழைய முறை. நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டே உள்ளே கால் வைக்க வேண்டும்.

முதல் பாடத்தில் கம்பு கிடையாது. வாத்தியார் மண்ணில் கோடு கிழித்து, எந்தக் கால் எங்கே போக வேண்டும் என்று காட்டுவார். முன்னால் ஓர் அடி, பக்கவாட்டில் ஓர் அடி, அரைவட்டமாகத் திரும்பி ஓர் அடி, பிறகு தொடங்கிய இடத்துக்கே திரும்புதல். இதுதான் காலடி. முக்கோணமாகவும் சதுரமாகவும் வட்டமாகவும் கோலங்கள் கூடிக்கொண்டே போகும். முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும், உடல் எடை முன்காலில் தங்கிவிடக் கூடாது, பார்வை தரையைப் பார்க்கக் கூடாது. வாரக்கணக்கில் இது மட்டுமே நடக்கும். கம்பு பிடிக்க ஆசைப்பட்டு வந்த பையன்கள் பாதிப் பேர் இந்தக் கட்டத்தில் நின்றுவிடுவார்கள். இருந்தும் வாத்தியார்கள் இதைத் தளர்த்தியதில்லை. ஒரு கம்பின் வீச்சு எல்லைக்குள் இருந்து வெளியே போவதும் வெளியே இருந்து உள்ளே புகுவதும் காலின் வேலை. கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் கால் தவறிய இடத்தில் அடி விழும்.

கம்பு கைக்கு வந்ததும் அடிப்பக்கத்தில் ஒரு முழம் விட்டுப் பிடிக்கச் சொல்வார்கள். முதலில் ஒரு பக்கமாக வீசுவது, பிறகு இருபக்கமும், பிறகு தலைக்கு மேல். ஒற்றைக் கை வீச்சு, இரட்டைக் கை வீச்சு என்று அது விரியும். சுழலும் கம்பின் முனை காற்றைக் கிழிக்கும்போது விர்ரென்ற ஓசை வரும். அந்த ஓசை சீராக இருக்கிறதா என்று கேட்டே வாத்தியார் திரும்பிப் பார்க்காமல் பிழை சொல்வார். சுழற்சி முழுமையானால் கம்பு கண்ணுக்குத் தெரியாது, ஒரு தட்டு மட்டுமே தெரியும். அதற்குள் கல் எறிந்தாலும் புகாது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

அடுத்தது வரிசைகள். அடி, தடுப்பு, காலடி ஆகியவற்றைக் குறிப்பிட்ட ஒழுங்கில் கோத்த தொகுப்பு ஒரு வரிசை. துடுக்காண்டம், குறவஞ்சி, மறக்காணம், நாகம் பதினாறு, பனையேறி மல்லு, கள்ளன் கம்பு என்று தமிழ்நாடெங்கும் வழங்கும் முறைகளின் பெயர்களே அவற்றின் பல்வேறு பிறப்பிடங்களைக் காட்டுகின்றன. பாம்பின் அசைவிலிருந்து வந்தவை உண்டு, பனையேறும் தொழிலாளரின் உடற்கட்டிலிருந்து வந்தவை உண்டு. ஆட்டம் தொடங்கும்போது சபைக்கும் வாத்தியாருக்கும் எதிராளிக்கும் வணக்கம் சொல்லும் சலாம் வரிசை தனியாக இருக்கிறது. மேலே அடிப்பதுபோல் போக்குக் காட்டிக் கீழே அடிப்பதற்குப் பாவலா என்று பெயர். அதைப் பழகுவது கடினம், எதிராளி செய்யும்போது அதை இனங்காண்பது இன்னும் கடினம். இறுதியில் கம்பில்லாமல் கையால் செய்யும் குத்துவரிசையும், குறுங்கம்பான செடிக்குச்சியும், இரண்டு மான்கொம்புகளை எதிரெதிராகச் சேர்த்துக் கட்டிய மடுவும், இடுப்பில் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு வளையும் சுருள்வாளும் வரும்.

கம்பைத் தேர்வதும் ஒரு பாடம். உள்ளே துளையில்லாத கல் மூங்கில் சண்டைக்கு ஏற்றது. அடிக்குத் தாங்கும், பிளக்காது. பிரம்பு வளையும், இலேசானது, சுழற்ற வசதி. திண்டுக்கல்லுக்குத் தெற்கிலும் மேற்கிலும் நிற்கும் சிறுமலையும் பழனி மலையும் மூங்கில் விளையும் மலைகள். முற்றிய கழியை வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, கணுக்களைச் சீவி, அனலில் வாட்டி நேராக்கி, எண்ணெய் தடவி வைப்பார்கள். அவசரத்தில் வெயிலில் காயப்போட்ட கம்பு விரிசல் விட்டுக் கையைக் கிழிக்கும்.

இதே சமவெளியில் கம்பும் தாளமும் சேர்ந்த வேறு ஆட்டங்களும் உண்டு. இரு கையிலும் சிறு கோல்களைப் பிடித்து எதிரில் ஆடுபவரின் கோலில் தட்டி ஆடும் கோலாட்டம் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் உரியதாக வளர்ந்தது. மேலே கட்டிய கயிறுகளைப் பின்னியும் பிரித்தும் ஆடுவது பின்னல் கோலாட்டம். பாளையக்காரர் மரபைச் சேர்ந்த இராஜகம்பளத்து நாயக்கர்கள் தேவதுந்துபி என்னும் மேளத்துக்கு ஆடும் தேவராட்டத்தில் கையில் கம்பு இல்லை, துணி மட்டுமே இருக்கிறது. ஆனால் அதன் திரும்புதலும் தாவலும் கால்வைப்பும் போர்ப் பயிற்சியை நினைவூட்டுகின்றன. ஒயிலாட்டத்துக்கும் இதே சாயல் உண்டு.

எகிப்தில் ஆண்களின் தஹ்தீபிலிருந்து பெண்களின் தனி ஆட்டம் ஒன்று கிளைத்தது. ரக்ஸ் அசாயா, அதாவது கைத்தடி ஆட்டம். ஆண்களின் தடியைவிட மெல்லிய, வளைந்த பிடியுள்ள தடியை எடுத்து, ஆண்களின் வீச்சை நயமாகவும் கேலியாகவும் திருப்பி ஆடுவார்கள். தடியைத் தலையில் நிறுத்துவார்கள், தோளில் உருட்டுவார்கள், ஒரு கையால் முன்னால் சுழற்றுவார்கள். 1959இல் மஹ்மூத் ரெதாவும் அண்ணன் அலி ரெதாவும் கெய்ரோவில் தொடங்கிய ரெதா குழு, ஊர்ப்புற ஆட்டங்களை மேடைக்கு ஏற்ப வடிவமைத்தது. பரீதா பஹ்மி அதன் முதன்மை ஆடற்கலைஞர். இன்று உலக நகரங்களில் வகுப்பு வைத்துச் சொல்லித்தரும் எகிப்தியக் கைத்தடி ஆட்டம் பெரும்பாலும் அந்த மேடை வடிவத்தின் வழித்தோன்றல். அதைக் கற்பவர்களில் பலருக்குச் சயீத் ஊர்களின் கம்புச் சண்டை தெரியாது. சிலம்பத்துக்கும் இந்த நிலை வரக்கூடும்.

தமிழ்நாட்டில் ரெதா குழு செய்த வேலையைச் சினிமா செய்தது. எம்.ஜி.ஆர். மதுரை மாடக்குளம் அழகர்சாமியைச் சிலம்ப வாத்தியாராகக் கொண்டவர். 'பெரிய இடத்துப் பெண்' (1963) படத்தின் சிலம்பச் சண்டையும், 'உழைக்கும் கரங்கள்' (1976) படத்தில் மான்கொம்பு ஏந்தி ஆடிய சண்டையும் கம்பைத் திரும்பவும் நாயகனின் ஆயுதமாக்கின. 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் அவர் தொடங்கிய கட்சி முதன்முதலாக இரட்டை இலைச் சின்னத்தில் நின்று, வேட்பாளர் மாயத்தேவர் வென்றார். திரையில் கம்பெடுத்த நாயகனை இந்தச் சமவெளி தன் ஆளாகவே பார்த்தது. அந்தத் தலைமுறையில் கம்பு பழகப் போன இளைஞர்களுக்குத் திரைக்காட்சிகள் தந்த ஊக்கம் பெரிது. ஒரு கெடுதலும் சேர்ந்தே வந்தது: சண்டை அமைப்பாளர்கள் கண்ணுக்கு நிறைவான சுழற்சிகளை நீட்டினார்கள், நிதானமான காலடி படத்தில் எடுபடவில்லை.

1970களில் உடற்கல்வி அறிஞர் ஜே. டேவிட் மானுவேல்ராஜ் சிலம்பத்தின் முறைகளையும் மதிப்பிடும் வழிகளையும் நூலாக்கினார். வாத்தியாரின் நினைவில் மட்டும் இருந்ததை விதிகளாக எழுத்தில் வைத்த முயற்சிகளில் அது முக்கியமானது. மலேசியாவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் எடுத்துச்சென்ற சிலம்பமும் சங்கங்களாகத் திரண்டது. இன்றைய போட்டிகளில் ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, வேல்கம்பு, சுருள்வாள் எனத் தனித்திறன் பிரிவுகளும், எடை வாரியாக இருவர் மோதும் தொடுமுறைப் பிரிவும் இருக்கின்றன. தொடுமுறையில் எதிராளியின் உடலில் கம்பு பட்டால் புள்ளி. தலைக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்து ஆடுகிறார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்தது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பம் இடம்பெற்றது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாக ஆடப்பட்டது.

இந்த மாற்றங்களில் மிகப் பெரியது சிறுமிகளின் வருகை. முன்பு ஊர்க்கூடத்தில் பெண் பிள்ளை கம்பெடுப்பது அபூர்வம். இப்போது மாவட்டப் போட்டிகளில் பெண்கள் பிரிவு இல்லாத வயதே இல்லை. திண்டுக்கல்லில் இதற்கு இன்னொரு வழியும் இருந்தது. சகோதரி சந்திரா வழிநடத்தும் சக்தி கலைக்குழு, 1990களிலிருந்து தலித் இளம்பெண்களுக்குப் பறையும் கோலாட்டமும் ஒயிலாட்டமும் கற்பித்து வருகிறது. ஆண்கள் மட்டுமே அடித்த பறையைப் பெண்கள் கையில் கொடுத்த அந்தக் குழு, உடலைத் தயங்காமல் பொதுவெளியில் அசைக்கும் துணிவை இந்த மாவட்டத்துப் பெண்களுக்குப் பழக்கியது. எகிப்தின் பெண்கள் ஆண்களின் தடியை வாங்கி நடனமாக்கினார்கள். இங்கே சிறுமிகள் அதை வாங்கிச் சண்டையாகவே ஆடுகிறார்கள். அதுவே இந்தக் கலைக்குக் கிடைத்த புது உயிர்.

கவலைக்கு இடமுள்ள விஷயம் பயிற்சியின் வரிசை. பதக்கமும் சான்றிதழும் ஒதுக்கீடும் வந்தபின் பெற்றோர் விரைவான பலனை எதிர்பார்க்கிறார்கள். நீண்ட நேரம் கம்பு சுழற்றும் சாதனை நிகழ்ச்சிகள் பெருகிவிட்டன. இலேசான பிரம்பை வேகமாகச் சுற்றக் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகாது. காலடி பழக நாள் ஆகும். காலடி இல்லாத சுழற்சி சிலம்பம் ஆகாது. மரபு வாத்தியார்கள் கம்பு தராமல் நிற்க வைத்த அந்த முதல் வாரங்களைப் பள்ளிகளும் பயிற்சி மையங்களும் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ஊருக்கு ஊர் வேறுபடும் வரிசைகளும் அவற்றின் பெயர்களும் இன்னும் முழுமையாகப் பதிவாகவில்லை. போட்டி விதிகள் ஒரே வடிவத்தைக் கேட்பதால், அவற்றுக்குள் வராத வரிசைகள் வயதான வாத்தியார்களோடு மறைந்துவிடும். திண்டுக்கல், மதுரைக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்களும் உடற்கல்வி மாணவர்களும் சேர்ந்து, நத்தம் முதல் விருப்பாச்சி வரை ஊர்தோறும் போய் வாத்தியார்களின் காலடிகளையும் வரிசைகளையும் படம்பிடித்து, அவர்கள் சொல்லும் பெயரிலேயே எழுதி வைக்க வேண்டும். தன் ஊரில் அப்படி ஒரு வாத்தியார் இருப்பதை அறிந்தவர், அடுத்த மாசித் திருவிழாவுக்குக் காத்திராமல் இப்போதே அந்த வேலையைத் தொடங்கலாம்.